வரம்புக்குள் இருப்பது யாருடைய மூச்சு?

உலோகத் தொழிற்கூடங்களில் ஒரு வாசகம் கேள்வி கேட்க முடியாததாகிவிட்டது: "காற்றை அளந்தாயிற்று, எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கிறது." வெல்டிங் ஷெட்டுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வகத்திலிருந்து ஒருவர் வருவார். நடைபாதை ஓரமாக முக்காலியை விரித்து, அதன்மேல் பம்பை வைத்து, சில மணி நேரம் ஓடவிடுவார். வெள்ளை ஃபில்டர் தாளை எடைபோட எடுத்துப்போவார். கொஞ்ச நாளில் ஒரு பக்க ரிப்போர்ட் வரும். மொத்தத் தூசு இத்தனை மில்லிகிராம், அனுமதி இத்தனை, முடிவு திருப்திகரம். தாள் ஃபைலுக்குள் போகும். அதற்குப் பிறகு வெல்டர் இருமினால் பீடி காரணம், மூச்சு வாங்கினால் வயது காரணம், கை நடுங்கினால் குடி காரணம்.

இந்த முடிவு தவறானது. ரிப்போர்ட்டில் ஒரு எண்கூடப் பொய் இல்லாதபோதும் தவறானது. அந்த முக்காலி அளந்தது ஷெட்டை. ஷெட்டில் வேலை செய்த ஆளை யாரும் அளக்கவில்லை. எங்கே அளந்தார்கள், எதை அளந்தார்கள், எத்தனை நாள் அளந்தார்கள், எந்த வரம்போடு ஒப்பிட்டார்கள் என்ற நான்கு கேள்விக்கும் பதில் தெரியாமல் "வரம்புக்குள்" என்ற சொல்லுக்கு எந்தப் பொருளும் இல்லை. இதைச் சொல்வதற்குக் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸைவிடத் தகுந்த இடம் இந்தியாவில் வேறில்லை.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸ் வேலையை நிறுத்தியது வரை, வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி, சித்தூர் பக்கங்களிலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாகப் பாறையைத் துளைத்தன. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. தங்கம் ஓடியது வெள்ளைக்கல்லில். அந்தக் கல் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. துளைக்கருவியும் வெடிமருந்தும் அதைக் கண்ணுக்குத் தெரியாத மாவாக்கின. 1940 முதல் 1946 வரையான காலத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோருக்குச் சிலிகோசிஸ் இருப்பது தெரிந்தது. ஷிப்டுக்கு இறங்கும் கூண்டில் பத்துப் பேர் நின்றால் நான்கு பேரின் நுரையீரல் தழும்பேறிக்கொண்டிருந்தது.

தூசை அளக்கக் கருவி இல்லாத காலமல்ல அது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக அந்நாட்டு அரசின் சுரங்கப் பொறியாளர் ராபர்ட் கோட்ஸே 1916 வாக்கிலேயே கோனிமீட்டர் என்ற கைக்கருவியை உருவாக்கியிருந்தார். விசையைத் தட்டினால் சில கன சென்டிமீட்டர் காற்றை ஒரே நொடியில் உறிஞ்சி, பிசுக்குத் தடவிய கண்ணாடியில் அறைந்து பதிக்கும். பிறகு நுண்ணோக்கியில் வைத்துத் துகள்களை எண்ணுவார்கள். நல்ல கருவிதான். ஆனால் அது பார்த்தது ஒரு நொடியை. துளைப்பவரோ எட்டு மணி நேரம் சுவாசித்தார், வெடி வைத்த இடத்துக்குள் புகை அடங்குமுன் நுழைந்தார், அள்ளினார், தள்ளினார். அந்த எட்டு மணி நேரத்தின் கணக்கு எந்தக் கண்ணாடித் துண்டிலும் இல்லை. அது நுரையீரலில்தான் பதிவானது. எக்ஸ்-ரே படத்தில் தெரிவதற்குள் ஆண்டுகள் கடந்துவிட்டன. சிலிகோசிஸ் வந்தபின் தூசை விட்டு விலகினாலும் தழும்பு வளர்வது நிற்பதில்லை. கடைசியில் எக்ஸ்-ரே சொல்லும் உண்மையை முதலிலேயே சொல்வதுதான் காற்றை அளக்கும் கருவியின் வேலை. அதைச் செய்யாத அளவீடு யாருக்கும் பயன்படாது.

இதே சுரங்கத்தில் இன்னொரு வகை எண்ணிக்கையும் நடந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1965-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து, சாம்பியன் ரீப்பில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் உணர்கருவிகளை நிறுத்தி, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடத்தைப் பிடித்தது. எம்.ஜி.கே. மேனனும் பி.வி. ஸ்ரீகண்டனும் அந்த முயற்சியின் முன்னணியில் இருந்தார்கள். விரல்விட்டு எண்ணத்தக்க சில நிகழ்வுகளுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். தரைமட்டத்தில் கருவியை வைத்திருந்தால் மற்ற அண்டக்கதிர்களின் இரைச்சலில் ஒன்றும் தெரிந்திருக்காது. எதை அளக்கிறோமோ அது இருக்கும் இடத்துக்குக் கருவி போக வேண்டும், போதுமான காலம் அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் அந்த ஆய்வின் அடிப்படை. இயற்பியலில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் இந்த நியாயம், வெல்டரின் மூச்சுக்கு வரும்போது மட்டும் ஆடம்பரமாகப் பார்க்கப்படுகிறது.

தங்கவயலில் இன்றைக்கு எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்கலாம். சுரங்கம் போனாலும் உலோகம் போகவில்லை. 1964-ல் தொடங்கிய பெமல் நிறுவனத்தின் கனரக எந்திரத் தொழிற்சாலை இங்கேதான் இருக்கிறது. மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். அவர்களில் வெல்டர்கள், ஃபிட்டர்கள், கிரைண்டிங் பிடிப்பவர்கள், பெயின்ட் பிரிவில் மணல் பீய்ச்சுபவர்கள் இருக்கிறார்கள். பாட்டன் கல்தூசைச் சுவாசித்தார் என்றால் பேரன் இரும்புப்புகையைச் சுவாசிக்கிறார். சுரங்கக் கழிவுமண் குவிந்த சயனைட் மேட்டிலிருந்து காற்றுக் காலத்தில் கிளம்பும் புழுதி வீட்டுக்குள் படிவதை ஊரே பார்க்கிறது, மனு கொடுக்கிறது. வெல்டிங் புகையின் துகள் அப்படிக் கண்ணில் படுவதில்லை. மனிதக் கண்ணுக்குத் தனியாகத் தெரியக்கூடிய தூசு ஏறக்குறைய 50 மைக்ரான் அளவுக்காவது இருக்க வேண்டும். நுரையீரலின் அடியாழம் வரை போவதோ சில மைக்ரானுக்கும் குறைந்தது. புகைமூட்டம் கலைந்ததும் காற்று சுத்தமாகிவிட்டதாகத் தோன்றுவது அதனால்தான்.

முதல் கேள்வி இடம். வெல்டர் வளைந்து குனிகிறார். ஆர்க் எரியும் இடத்திலிருந்து எழும் புகை நேராக அவர் முகத்துக்கு வருகிறது. நாலு எட்டு தள்ளி நிற்கும் முக்காலிக்கு வருவதற்குள் அது ஷெட்டின் காற்றில் கலந்து நீர்த்துவிடுகிறது. இது 1960-லேயே தெளிவான விஷயம். இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தில் ஷெர்வுட், கிரீன்ஹால்க் என்ற இருவர், உடையில் மாட்டிக்கொள்ளும் சிறிய பம்பை உருவாக்கினார்கள். கதிரியக்க உலோகத் தூசில் வேலை செய்தவர்களின் மூச்சருகே எடுத்த மாதிரிகள், அறையில் நிலையாக நின்ற கருவிகள் காட்டியதைவிடப் பலமடங்கு அதிகமாக இருக்கக்கூடும் என்று தெரிந்தது. தொழில்சுகாதாரத் துறை அன்றிலிருந்து ஒரு விதியைப் பிடித்துக்கொண்டது: மூக்கிலிருந்து ஏறக்குறைய 30 சென்டிமீட்டருக்குள் ஃபில்டர் இருக்க வேண்டும், வெல்டர் என்றால் முகக்கவசத்துக்கு உள்பக்கம் இருக்க வேண்டும். இடுப்பில் பம்பு, காலரில் ஃபில்டர் தலை, நிமிடத்துக்கு 2 லிட்டர். எட்டு மணி நேர ஷிப்டில் 960 லிட்டர் காற்று அதன் வழியே போகும். இதில் எந்த மாயமும் இல்லை. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரிந்த இந்த முறை இருக்க, முக்காலியை மட்டும் நம்புவதற்கு நியாயமே கிடையாது.

அடுத்தது, எதை அளக்கிறோம் என்பது. இங்கேதான் "மொத்தத் தூசு" என்ற ஒற்றை எண் மிகப் பெரிய தீங்கைச் செய்கிறது.

10 மைக்ரான் விட்டமுள்ள ஒரே ஒரு துகளின் எடையும், 0.1 மைக்ரான் விட்டமுள்ள பத்து லட்சம் துகள்களின் எடையும் ஒன்று. தராசுக்கு இரண்டும் சமம். ஆனால் முதலாவது பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். பின்னதோ காற்றறைகள் வரை இறங்கும். அந்தப் பத்து லட்சத்தின் மொத்தப் பரப்பு அந்த ஒன்றின் பரப்பைப்போல நூறு மடங்கு. கிரைண்டர் பறக்கவிடும் பொடி பெரும்பாலும் முதல் வகை. ஆர்க்கில் ஆவியாகி உறைந்த உலோகம் இரண்டாம் வகை. ஒரே ஷெட்டில் இரண்டும் நடக்கும்போது கிரைண்டர் பொடி தராசை ஆக்கிரமித்துக்கொள்கிறது, புகை கணக்கில் காணாமல் போகிறது. கரடுமுரடான துகளைத் தள்ளிவிட்டு நுண்துகளை மட்டும் ஃபில்டருக்கு அனுப்பும் சைக்ளோன் என்ற சிறு கூம்பை மாட்டினால் இந்தக் குழப்பம் தீரும். 1959-ல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய நுரையீரல் தூசுநோய் மாநாடே இப்படிப் பிரித்து அளப்பதை ஏற்றுக்கொண்டுவிட்டது.

உலோகத்தைப் பிரிக்காமல் விடுவது இன்னும் மோசம். இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தில் போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987 திருத்தத்தில் சேர்ந்த இரண்டாவது அட்டவணை, வெல்டிங் புகைக்கு எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 5 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. எஸ்.எஸ். எனப்படும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை ராடு வைத்துப் பற்றவைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் மூச்சில் 4 மில்லிகிராம் புகை. ரிப்போர்ட் திருப்திகரம். ஆனால் அந்த வகைப் புகையின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கோ அதற்கு மேலோ ஆறு இணைதிறன் குரோமியமாக இருப்பது சாதாரணம். மூன்று என்றே வைத்தாலும் 0.12 மில்லிகிராம். அதே அட்டவணை குரோமேட்டுக்கு வைத்த வரம்பு 0.05. ஒரே நாளில், ஒரே மூச்சில், ஒரே சட்டத்தின் ஒரு வரிப்படி தேர்ச்சி, இன்னொரு வரிப்படி இரண்டு மடங்குக்கும் மேல் மீறல். ஆறு இணைதிறன் குரோமியம் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் உலகில் எவருக்கும் ஐயமில்லை. ஃபில்டரை எடை போட்டுவிட்டுக் குப்பையில் போட்டால் இந்த மீறல் யாருக்கும் தெரியாது. அமிலத்தில் கரைத்து உலோகம் உலோகமாகப் பகுத்தால், குரோமியத்துக்கு அதற்குரிய தனிச் சோதனையைச் செய்தால் தெரியும்.

"எங்களிடம் எஸ்.எஸ். வேலை இல்லை, சாதா இரும்புதான்" என்பார்கள். சாதா இரும்பிலும் ராடிலும் மாங்கனீசு இருக்கிறது. புகையில் நூற்றுக்கு ஐந்து பங்கு மாங்கனீசு என்றால், 4 மில்லிகிராம் புகையில் 0.2 மில்லிகிராம். இந்திய அட்டவணையின் வரம்பு 1 மில்லிகிராம் என்பதால் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் அமெரிக்கத் தொழில்சுகாதார வல்லுநர் மன்றம் 2013-ல் நுண்துகள் மாங்கனீசுக்குப் பரிந்துரைத்த அளவு 0.02. அதன்படி பத்து மடங்கு அதிகம். இரண்டு எண்ணுக்கும் நடுவே ஐம்பது மடங்கு இடைவெளி. மாங்கனீசு மூளைக்குப் போகும் உலோகம். நடை தளர்வது, கை மெதுவாவது, முகம் இறுகுவது என்று பார்க்கின்சன் நோயைப் போன்ற அறிகுறிகளைத் தரக்கூடியது. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2017-ல் வெல்டிங் புகை முழுவதையுமே புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்திவிட்டது. சாதா இரும்புப் புகைக்கும் அது பொருந்தும். அதையொட்டி 2019-ல் பிரிட்டனின் தொழில் பாதுகாப்பு ஆணையம், சாதா இரும்பு வெல்டிங்குக்கும் புகை உறிஞ்சும் ஏற்பாடு கட்டாயம் என்று கறாராக நடக்கத் தொடங்கியது. எந்த வரம்பு என்ற நான்காவது கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது: வரம்பு என்பது ஏதோ ஒரு ஆண்டின் அறிவும் பேரமும் சேர்ந்து போட்ட கோடு. 1987-ல் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பதாலேயே ஒருவர் பத்திரமாக இருப்பதாகச் சொல்ல முடியாது.

துகளைப் பற்றிய அரைகுறை நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தங்கச் சுரங்கத்திலேயே ஒரு கொடுமையான சாட்சி உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில், 1943 முதல் 1979 வரை, சிலிகோசிஸ் வராமல் தடுப்பதாகச் சொல்லித் தொழிலாளர்கள் உடை மாற்றும் அறைகளில் கதவை அடைத்து, நுண்ணிய அலுமினியப் பொடியை ஊதினார்கள். மக்கின்டயர் பொடி என்று பெயர். ஷிப்டுக்கு இறங்குமுன் அதை இழுத்து மூச்சுவிட வேண்டும். மருந்து என்று நம்பித் தந்தார்கள். அந்தத் தொழிலாளர்களுக்கு வந்த பார்க்கின்சன் நோயை அந்தப் பொடியோடு தொடர்புடைய தொழில்நோயாக ஒன்டாரியோ அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 2022-ல். போராடிப் பெற்றவர்களில் பலர் தொழிலாளர்களின் பிள்ளைகள்.

மூன்றாவது கேள்வி நாள். ஆய்வகக்காரர் வரும் தேதி முன்கூட்டியே தெரியும். அன்றைக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கும், எக்ஸாஸ்ட் ஓடும், டேங்குக்குள் புகுந்து செய்யும் வெல்டிங் மறுநாளைக்குத் தள்ளிப்போகும். யாரும் ஏமாற்ற நினைக்காவிட்டாலும்கூட, ஒரே வெல்டரின் ஒரே வேலையில் நாளுக்கு நாள் அளவு பலமடங்கு மாறும். காற்று வீசும் திசை, தகட்டின் மேலிருக்கும் பெயின்ட், ஆம்பியர், குனியும் கோணம் எல்லாம் அதை மாற்றும். இதை உணர்ந்துதான் ஐரோப்பியத் தரநிலை 2018-ல் ஒரு கடுமையான கணக்கை வைத்தது: மூன்று நாள் மட்டும் அளந்துவிட்டு "பாதுகாப்பு" என்று சொல்ல வேண்டுமானால் மூன்றுமே வரம்பில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும், ஐந்து நாள் அளந்தால் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே. இந்தக் கணக்கின்படி, ஒரே நாளில் 5-க்கு 4 என்று வந்த எண் ஆறுதலுக்குரியதல்ல. எச்சரிக்கை மணி.

பட்டறைகளில் வேறு சில ஆறுதல்களும் உலவுகின்றன. வெல்லம் சாப்பிட்டால் தூசு இறங்கிவிடும், பால் குடித்தால் புகை முறியும் என்பவை அவை. வெல்லத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது லக்னோ ஆய்வகம் ஒன்றில் சாகுவும் சக்சேனாவும் செய்து 1994-ல் வெளியிட்ட ஆய்வு. அது எலிகளில் செய்தது. வெல்லம் தந்த எலிகளில் துகள்கள் நுரையீரலிலிருந்து நிணநீர் முடிச்சுகளுக்கு நகர்வது கூடியது என்றது. எலியில் கண்ட அந்த இடமாற்றத்தை வைத்து மனிதருக்குப் புகையின் நடுவே எட்டு மணி நேரம் நிற்க அனுமதிச் சீட்டு எழுத முடியாது. பாலுக்கு அந்த அளவு ஆதாரம்கூட இல்லை. குடிப்பவர் குடிக்கட்டும், சத்துதான். ஆனால் நிர்வாகம் அதைப் பாதுகாப்பு ஏற்பாடாகக் கணக்கெழுதுவதை ஏற்கவே முடியாது.

"பழகிவிடும்" என்பதும் அப்படித்தான். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயைப் பற்றவைத்த மாலையில் குளிர்காய்ச்சல் வரும், மறுநாள் போய்விடும் என்று எல்லா வெல்டருக்கும் தெரியும். துத்தநாகப் புகையால் வருவது அது. தொடர்ந்து செய்தால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் தெரியாது. ஞாயிறு விடுமுறை கழிந்து திங்கட்கிழமை திரும்ப வரும். உடம்பு பழகியதாகத் தோன்றியது நாலு நாள் பேச்சு. மாங்கனீசும் குரோமியமும் பெரும்பாலும் அந்த அறிகுறியைக்கூடத் தருவதில்லை, சத்தமில்லாமல் சேர்கின்றன. கைக்குட்டை நுண்துகளைத் தடுக்காது. நல்ல முகமூடி தடுக்கும், முகத்தில் இடைவெளியில்லாமல் பொருந்தினால். தாடி இருந்தால் பொருந்தாது. சித்திரை வெயிலில் வெல்டிங் கவசத்துக்குள் எட்டு மணி நேரம் அதைப் போட்டிருப்பார்கள் என்று கணக்குப் போடுபவர் அதை ஒரு மணி நேரம் போட்டுப் பார்க்கட்டும்.

இவ்வளவுக்கும் எதிராக வரும் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். நாலு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா? உலோகம் பிரித்துப் பகுக்கும் சோதனைக்குச் செலவு அதிகம், உண்மை. ஆனால் புகை முகத்துக்கு நேராக எழுவது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் முதலில் அளக்கத் தேவையே இல்லை. அங்கே முதல் வேலை, ஆர்க்குக்குப் பக்கத்திலேயே புகையை உறிஞ்சும் குழாயைப் பொருத்துவது, தகட்டின் பெயின்டைச் சுரண்டிவிட்டுப் பற்றவைப்பது, காற்று வரும் பக்கம் ஆளை நிறுத்துவது. அளவீடு அதற்குப் பிறகு வர வேண்டும்: செய்த ஏற்பாடு வேலை செய்கிறதா என்று பார்க்க. இன்றைய வழக்கம் இதைத் தலைகீழாக்கியிருக்கிறது. ஏற்பாடு ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கான சான்றிதழாக அளவீடு பயன்படுகிறது. அளவீட்டையே வேண்டாம் என்று ஒதுக்கும் தொழிற்சங்கக்காரர்கள் சிலரின் கோபம் இதிலிருந்துதான் பிறக்கிறது. கோபம் நியாயம்; ஒதுக்குவது நியாயமல்ல. நோய் வந்தபின் இழப்பீடு கேட்கும் நாளில், எந்தக் காற்றை எத்தனை ஆண்டு சுவாசித்தார் என்பதற்கு எழுத்து ஆதாரம் இல்லாதவர் வெறுங்கையோடு நிற்பார். ஏனென்றால், மார்புப்படத்தில் தெரியும் நிழலைக் காசநோய் என்று எழுதி மருந்து கொடுத்துவிடும் வழக்கம், தூசுநோய் உள்ள பல ஊர்களில் இருக்கிறது.

சுரங்கத் தொழிலாளர் நலனுக்கான தேசிய நிறுவனம் 1990-ல் பதிவு செய்யப்பட்ட ஊர் இதே கோலார் தங்கவயல். மைய ஆய்வகம் பின்னர் நாக்பூரில் அமைந்தது. 2019-ல் நிறுவனத்தையே அகமதாபாத்தின் தேசியத் தொழில்சுகாதார நிறுவனத்தோடு இணைக்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. தூசைப் பற்றிய அறிவுக்கு இவ்வளவு விலை கொடுத்த ஊரில், பம்பும் சைக்ளோனும் வைத்துக்கொண்டு சிறு பட்டறைகளுக்கு முறைபோட்டுப் போய்வரும் ஓர் அரசு அலகு இருக்க வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. பத்துப் பட்டறைகள் சேர்ந்தால் ஒரே பம்பைப் பங்கிட்டுக்கொள்ளலாம். மிக மோசமான வேலையைச் செய்பவரைத் தேர்ந்தெடுத்து முதலில் அவருக்கு மாட்டினால், மற்றவர்களுடைய நிலை ஓரளவு தெரிந்துவிடும்.

தன் மூச்சைப் பற்றிய எண்ணைக் கேட்டு வாங்க ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரிமை உண்டு. 1948-ம் ஆண்டுச் சட்டத்தில் 1987-ல் சேர்ந்த 111அ பிரிவு, வேலையிடத்தின் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலைப் பெறும் உரிமையைத் தந்தது. 2020-ம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது இருக்கிறது. கேட்கும்போது "திருப்திகரம்" என்ற சொல்லை ஏற்கக் கூடாது. ஃபில்டர் யார் காலரில் இருந்தது, கவசத்துக்கு உள்ளேயா வெளியேயா, எத்தனை நிமிடம் ஓடியது, அன்றைக்கு என்ன வேலை, எந்த ராடு, இரும்பு எவ்வளவு, மாங்கனீசு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு, எந்த ஆண்டின் வரம்போடு ஒப்பிட்டார்கள் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். தமிழிலோ கன்னடத்திலோ இருக்க வேண்டும். ஒரு வெல்டருக்கு இதைச் செய்து முடிக்க ஒரு பம்பும் மூன்று வெவ்வேறு நாட்களின் முழு ஷிப்டும் போதும்.